மொக்கையன் தரகர் வீட்டுத் துக்கம்

எழுமலையில் பாதிக் கல்யாணங்களை முடித்துவைத்த தரகர் மொக்கையன், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சேர்த்துவைத்த ஜோடிகளாலேயே தெரு நிறைந்துவிட்டது.

தரகரின் மனைவி ஒச்சாயியைக் கட்டிக்கொண்டு அழுதாள் தாமரைச்செல்வி. "எம் மக ரோகிணிக்கு ஒரு மாப்பிள்ளை பாத்துக் குடுக்காமயே அண்ணன் போயிட்டாரே, மதினி!"

அழுகைக்கு நடுவே அவள் கண் ஓர் இளைஞன் மேல் நின்றது. வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கியவன், வயதானவர்களைக் கைப்பிடித்து உட்காரவைத்தான். தானே அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தான்.

காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தாமரைச்செல்வி மெல்லக் கேட்டாள்.

"யாரு மதினி அந்தத் தம்பி? இம்புட்டுப் பொறுப்பா இருக்கு! அண்ணன் இருந்திருந்தா ரோகிணிக்கு இந்தப் பையனையே பேசச் சொல்லிருப்பேன்."

ஒச்சாயிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"அது அருள்பாண்டி. மதுரையில ஓட்டல்ல சமைக்குது. 'சமையக்காரனுக்கா எம் மகளைக் குடுப்பேன்'னு சொல்லி, போட்டோக் கவரைப் பிரிச்சுக்கூடப் பாக்காம மூணு தடவ திருப்பிக் குடுத்தியே, அந்தப் பையன்தான்!"

தாமரைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சக் காப்பியையும் குடித்து முடித்தாள்.

"அந்தக் கவரு இப்ப எங்க இருக்கு, மதினி?"