தொலைத்த பொருட்கள் மேஜை

"நான் மேடைக்கு வரலை டீச்சர்."

நாலாம் வகுப்பு டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டு விழா தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

"என்ன சிட்டு, விளையாடறியா? மாவட்டத்துல இருக்கிற மொத்த அரசுப் பள்ளியிலயும் வாசிப்புல நீதான் முதல். கல்வி அதிகாரியே வந்து பரிசு கொடுக்கப் போறாங்க. ஆண்டு மலர்ல முதல் பக்கத்துல உன் போட்டோ வரும்!"

"போட்டோவுல கால் தெரியுமா டீச்சர்?"

டீச்சர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. சிட்டு அதை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

போன வாரமே டீச்சர் தன் அக்கா மகளின் ஷூவை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார். "யார்கிட்டயும் எதையும் வாங்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்" என்று சிட்டு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க டீச்சரின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. நல்லது செய்யப் போய்ப் பிள்ளையின் மனசைப் புண்படுத்திவிட்டோமே என்று டீச்சருக்கு இன்னும் உறுத்தல்தான்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் சைரன் ஒலித்தது.

சைரன் என்பது ஆபீஸ் கிளார்க்கம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பேர். வாயைத் திறந்தால் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் தொலைத்த பொருட்களையெல்லாம் வருஷக் கடைசியில் ஒரு மேஜையில் பரப்பிவைத்து, உரியவர்களைக் கூப்பிட்டுத் திட்டித் திட்டி ஒப்படைப்பது அவருடைய வழக்கம். அதில் அந்தம்மாவுக்கு ஒரு தனி ருசி என்றே டீச்சர் நினைத்திருந்தார்.

"இந்தத் தண்ணி பாட்டில் உன்னுதா? அப்போ வருஷம் பூரா தண்ணியே குடிக்கலையா நீ? இந்தக் குடை யாருது? மழை நின்னா குடையை மறந்துடுவியா? பிடி! ஏய் சிட்டு, இங்க வா!"

சிட்டு நடுங்கிப்போனாள். போன மாதம் ஒரு மழை நாளில் அவள் வருகைப் பதிவேட்டைக் கொடுக்க ஆபீஸுக்குள் நுழைந்தபோது, "இப்பதான் துடைச்ச தரை! அப்படியே நில்லு!" என்று ஷூவைக் கழற்றச் சொல்லி, சேற்றுக் காலோடு ஒரு காகிதத்தின் மேல் நிற்கவைத்தவர் இந்த அம்மாதான்.

"ஷூவைத் தொலைச்சிட்டு அந்த நினைப்பே இல்லாம சுத்திட்டிருக்கே?"

கிளார்க்கம்மா ஒரு ஜோடி கறுப்பு ஷூவை அவள் கையில் திணித்தார்.

"நான் தொலைக்கலை மேடம்..."

"எதிர்த்துப் பேசாதே. உள்ளே என்ன எழுதியிருக்கு? வாசிப்புல முதல் பரிசாமே, சத்தமா படி பார்க்கலாம்."

சிட்டு படித்தாள். அவள் பேர்தான். நாலாம் வகுப்பு, 'பி' பிரிவு.

"அப்புறம் என்ன? ஒரு மாசமா என் மேஜையில இடத்தை அடைச்சுக்கிட்டு! போட்டுக்கிட்டு ஓடு!"

"எனக்கும் செம திட்டு" என்றாள் பக்கத்தில் நின்ற குடைக்காரி. சிட்டுவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

டீச்சருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. விழா நாளும் அதுவுமாக, முதல் பரிசு வாங்கப் போகிற பிள்ளையை இத்தனை பேர் முன்னாலா? விழா முடியட்டும், நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

மேடையில் சிட்டு நிமிர்ந்து நடந்தாள். போட்டோவுக்கு இரண்டு கால்களையும் சேர்த்து முன்னால் வைத்து நின்றாள்.

விழா முடிந்து டீச்சர் ஆபீஸுக்குப் போனபோது, சிட்டுவின் அப்பா கிளார்க்கம்மாவின் முன்னால் நின்றிருந்தார். காவலாளி உடுப்பைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"அம்மா, எங்க வீட்ல இப்படி ஒரு ஷூ இருந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லீங்களே."

"ஆம்பளைங்களுக்கு என்னிக்கு இதெல்லாம் ஞாபகம் இருந்திருக்கு? இனிமேலாவது பொருளைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க உங்க பொண்ணை. போங்க, எனக்கு வேலை கிடக்கு!"

அவர் கிளார்க்கம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்டிப்பா சொல்றேம்மா" என்று கைகூப்பினார்.

அவர் போனதும் டீச்சர் மேஜையருகே வந்தார். "மேடம், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பிக்கும்போதே காலில் ஏதோ இடறியது.

ஒரு காலி ஷூ டப்பா. இடறிய வேகத்தில் மூடி திறந்துகொண்டது. உள்ளே பழைய பள்ளிச் செய்திமடலின் ஒரு தாள். அதன் மேல் காய்ந்த சேற்றில் இரண்டு சின்னக் கால்தடங்கள். தடங்களைச் சுற்றிப் பென்சில் கோடு.

டீச்சர் குனிந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தார். கண் கலங்கியது.

"இதை அன்பாவே கொடுத்திருக்கலாமே மேடம்? எதுக்கு அவ்வளவு திட்டு?"

சைரன் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தியது.

"போன வாரம் நீங்க அன்பாத்தானே கொடுத்தீங்க டீச்சர், நானும் பார்த்தேனே. வாங்கிக்கிட்டாளா? சும்மா கொடுத்தா, அவ இல்லாத வீட்டுப் பொண்ணு ஆயிடறா. தொலைச்சுட்டான்னு திட்டினா, அவகிட்டயும் இருந்துச்சுன்னு ஆயிடுது. அப்புறம் குடையைத் தொலைச்சவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?"

டீச்சர் வகுப்பறைக்குப் போனார். அலமாரியில் ஒரு வாரமாகக் கிடந்த அந்த ஷூப் பையை எடுத்துவந்து, கிளார்க்கம்மாவின் மேஜை மேல் வைத்தார்.

"அடுத்த வருஷம் இதை யாராவது தொலைக்கட்டும் மேடம்."