குலவைக்கு விட்ட இடைவெளி

கமிஷனர் தாளைப் பார்த்து ஒரு வாக்கியம் படித்தார், நிறுத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

இன்னொரு வாக்கியம். இன்னொரு நிறுத்தம். இன்னொரு குலவை.

மைக்கில் பேசும் பெரிய மனிதர் மூச்சு வாங்கினால் அந்த இடத்தைக் குலவையால் நிரப்ப வேண்டும். அதுதான் அந்த ஊர்ப் பெண்கள் காட்டும் மரியாதை. என்ன பேசுகிறார் என்பதெல்லாம் அப்புறம். ஆங்கிலம் அவர் பாடு, குலவை இவர்கள் பாடு.

பக்கத்தில், ஊரில் எல்லோரும் பேசும் ஜூபா அரபியில் மொழிபெயர்க்க ஒருவன் நின்றான். கமிஷனர் அரைப் பக்கம் படித்து முடித்தால், "நம்ம பசங்க சிங்கமாம்!" என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுவான்.

மைதானத்தில் முந்நூறு பெண்களாவது இருப்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டைக்குப் போன படைப்பிரிவில் பிள்ளை உள்ளவர்கள். ஐந்து வாரமாக ஒரு போன் இல்லை. பிள்ளைகள் திரும்பும் தேதியை இன்று சொல்வார்கள் என்று நம்பி, நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள்.

அத்தனை பேரில் ஆங்கிலம் புரிந்தவள் கிடென் ஒருத்திதான். டீ விற்பவள்.

அந்த ஊரில் பெண்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவள் மட்டும் வெறும் கிடென். மூன்று வருடம் முன்பு ஒரு கெட்டிலும் ஒரு ரேடியோவுமாக எங்கிருந்தோ வந்து மாமரத்தடியில் கடை போட்டவள். பிள்ளை குட்டி கிடையாது என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ஆங்கிலப் பைத்தியம். ரேடியோவில் மந்திரிகள் பேசப் பேச, காதில் விழும் வார்த்தைகளைத் தனக்குத் தெரிந்த அரபி எழுத்தில் நோட்டில் எழுதுவாள். டீ குடிக்க வரும் குமாஸ்தாவிடம் அர்த்தம் கேட்பாள். அவர் சொல்வதை முழுதாக நம்பமாட்டாள். பேச்சு முடிந்தபின் நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து, அதையும் எதிரே எழுதிக்கொள்வாள்.

'டெம்பரரி': இனி எப்போதும் இப்படித்தான். 'ஆஸ்டெரிட்டி': ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது. 'ஃபுல் கன்ட்ரோல்': சோளம் வாங்கி வை, சந்தையை மூடப்போகிறார்கள்.

"இந்த வயசுல மந்திரி ஆகப் போறியாக்கும்!" என்று கேலி செய்வாள் பக்கத்தில் வெண்டைக்காய் விற்கும் லெமியின் அம்மா. கிடென் சிரித்துக்கொண்டே டீக்கு இஞ்சி தட்டுவாள். எதற்குப் படிக்கிறாள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

இன்று லெமியின் அம்மா அவள் தோளை இடித்துக்கொண்டு நின்றாள். லெமி ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. வந்ததும் கிஸ்ரா சுட்டுப்போட வேண்டுமென்று நேற்றே மாவு கரைத்துப் புளிக்க வைத்துவிட்டாள்.

"அக்கா, தேதி சொன்னாரா? எப்ப வர்றாங்களாம்?"

"இன்னும் சொல்லல. இரு."

கமிஷனர் தாளைத் திருப்பினார். பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். 'கேலண்ட்' என்றார்.

கிடென் காதைத் தீட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கும் சிப்பாய்களை ரேடியோவில் 'பிரேவ்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், வீரம் என்று அர்த்தம் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். ஆனால் 'கேலண்ட்' என்று சொன்ன பேச்சு ஒவ்வொன்றுக்கும் பிறகு எங்கோ ஓர் ஊரில் ஒப்பாரி கேட்டிருக்கிறது. அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

சிலர் என்று சொல்லு. கடவுளே, சில பேர் என்று மட்டும் சொல்லட்டும்.

கமிஷனர் சொல்லவில்லை. மொத்தப் படைப்பிரிவும், கடைசி ஆள் வரை, நாட்டுக்காக உயிரைக் கொடுத்துவிட்டது என்று படித்தார். அதே குரலில்தான் படித்தார். பிறகு வழக்கம்போல நிறுத்தினார்.

மொழிபெயர்ப்பவன் எதிரே நின்ற பெண்களைப் பார்த்தான்.

"நம்ம பசங்க கடைசி வரைக்கும் சண்டை போட்டாங்களாம்!" என்று கத்தினான்.

மைதானமே குலவையிட்டது. லெமியின் அம்மா தலைத்துணியை அவிழ்த்து, மேலே சுழற்றிச் சுழற்றிக் குலவையிட்டாள்.

கிடென் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

அவள் திமிறினாள், கிள்ளினாள், கையைப் பிடுங்கி எறிந்தாள்.

"என் பிள்ளைக்கு நான் குலவை போடக்கூடாதா? பிள்ளை பெத்தவளா இருந்தா உனக்குத் தெரியும்!"

கிடென் அவளை இழுத்து அணைத்துக் காதில் மூன்றே வார்த்தை சொன்னாள். அதைத் தாய்மொழியான பாரியில் சொன்னாள்.

லெமியின் அம்மா அப்படியே சரிந்தாள். கிடென் அவளைத் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் குலவை ஓயவில்லை. அத்தனை வாயையும் பொத்த அவளுக்குக் கை ஏது?

மூன்று வருடத்துக்கு முன்பு, வேறோர் ஊரில், வேறொரு கமிஷனர் இப்படித்தான் தாளைப் பார்த்துப் படித்துவிட்டு இடைவெளி விட்டார். அன்று அந்தக் கூட்டத்திலேயே உரக்கக் குலவையிட்டவள் தொம்பேயின் அம்மா என்று எல்லோரும் மெச்சினார்கள். தன் தொம்பே வரப்போகிறான் என்று ஐந்து நாள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் கிடென்.