வழிபாடு நடவாத இடம்

ஐந்நூறு ஆண்டுப் பழைய அந்தக் கடற்கரைச் சிற்றாலயம், ஆட்சிகள் மாற மாற வெடிமருந்துக் கிடங்காகவும் குதிரை லாயமாகவும் உப்புக் கொட்டகையாகவும் இருந்திருக்கிறது. எதுவாக இருந்தபோதும் ஊரார் அங்கே மண்டியிடுவதை விட்டதில்லை. அதை உல்லாச விடுதியாக்க வாங்கியவர்களுக்கு அரசு அனுமதி கிடைப்பதற்காக, “இங்கு ஒருநாளும் வழிபாடு நடந்ததில்லை” என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார், அங்கே ஊராருக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தொபியாஸ். அவர் மனைவி செலஸ்தீனா அந்தத் தாளை இருமுறை படித்தாள்.

“ஏட்டி, வெறும் கடுதாசிதான. நான் எழுதலன்னா வேற எவனாவது எழுதிருப்பான்” என்றார் அவர்.

“உப்பு மூட்டைய ஒதுக்கிவச்சிட்டு அங்கதான நமக்குக் கல்யாணம் நடந்துச்சு?”

“ஆமா.”

“அப்பம் இருவது வருசமா ஒம்ம வீட்டுல இருக்கவ யாரு?”

உபதேசியார் சிரிக்க முயன்றார். செலஸ்தீனா தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பதிலுக்காக நின்றாள்.