ஆபீஸ் சிரிப்பு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வேலை நேரம் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. சிரிக்காவிட்டால் வேலையில் ஈடுபாடு இல்லையாம். தமயந்தியின் முகம் கொஞ்சம் வாடினாலும் கேமராவில் பார்த்துக் கணினி கத்தும்: "உற்சாகம் குறையுது மேடம்!"

அன்று வேலை முடிந்ததும் மகளைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஆதிரை அறை வாசலிலேயே நின்றாள்.

"மீட்டிங் முடியட்டும்மா, அப்புறம் வரேன்."

"முடிஞ்சிடுச்சுடி செல்லம், வா."

"பொய்! இன்னும் சிரிக்கிறியே!"

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமராவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள்.

"நாசமாப் போறவனுங்களா! என் சிரிப்பைக்கூட விட்டுவைக்கலையே!"

முகம் கோணி, கண்ணீர் வழியக் கத்தினாள்.

ஆதிரை ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பத்தான் ஆபீஸ் முடிஞ்சுதாம்மா?"