காதில் பேசும் காலுறை

ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நிற்பதால்தான் கால் மரத்துப்போகிறது என்று மரகதவல்லி மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டாள். சர்க்கரை நோய்க்குச் சாப்பிட்ட மாத்திரை, நரம்புக்கு வேண்டிய பி12 சத்தைக் குறைத்திருந்தது தெரிந்தபோது பாதங்களில் உணர்வே இல்லை. இப்போது மாதம் ஒரு ஊசி. கூடவே, கால் உணரவேண்டியதைக் காதில் சொல்லும் காலுறை.

"தரை ஈரம். இடது குதிகாலில் கல்." நாளெல்லாம் இதே நச்சரிப்பு.

வீடு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"வலது பாதத்தில் அழுத்தம். காலை எடுங்கள்," என்றது காலுறை.

கண் திறந்தாள். கணவர் தணிகாசலம் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் எனக்கு ஒண்ணும் தெரியலையே, எதுக்குங்க?"

"தெரியாட்டிப் போகுது. நாள் பூரா நின்ன கால்தானே."

"காலை எடுங்கள். காலை எடுங்கள்."

"கத்திட்டுக் கெட," என்று காலுறையிடம் சொல்லிவிட்டு, மரகதவல்லி மற்ற காலையும் அவர் பக்கம் நீட்டினாள்.