மூன்று நிமிட விருந்தாளி

வாசல் கேற் திறக்கும் சத்தத்தோடு காணொளி தொடங்கியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டுக் கேற்தான். எண்ணெய் போடாமல் கிறீச்சிடுவது கூட அப்படியே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி ஜெர்மனியில் உள்ள ஏழு பேருக்கு இணையவழியில் தமிழ் கற்பிக்கிறாள். இந்தத் தவணைக்குப் பரீட்சை இல்லை. தன் வீட்டைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தாள். அதை வைத்து, அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருவதுபோல் மூன்று நிமிடக் காணொளி செய்ய வேண்டும். படமும் குரலும் சத்தமும் அவர்கள் பாடு.

இதைச் செய்த மாணவி யோகானா கெட்டிக்காரி. வாசலில் செருப்பை வரைந்து கழற்றி வைத்திருந்தாள். தேநீரை வலது கையால் வாங்கினாள். 'வாழைப்பழம்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டி ஒருவழியாகச் சொல்லியும் முடித்தாள்.

பண்பாட்டுப் புரிதலுக்குப் பத்துக்குப் பத்து போடலாம்.

விருந்தாளி சுவரருகே நின்றாள்.

அப்பாவின் படத்தில் மாலை இருந்தது.

பக்கத்தில் அண்ணாவின் படம். அதில் மாலை இல்லை.

"இவருக்கு மட்டும் பூ இல்லை," என்றது யோகானாவின் குரல். "வெறுங்கையோடு போகக் கூடாது என்று படித்தேன். அதனால் நான் கொண்டு வந்தேன்."

மல்லிகை மாலை ஒன்று மேலிருந்து இறங்கி அண்ணாவின் கழுத்தில் விழுந்தது.

அவள் காணொளியை நிறுத்தினாள்.

யாரைக் கோபிப்பது? எவருடைய படத்துக்கு மாலை போடுவார்கள் என்பதை அவள்தான் பாடத்தில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அண்ணாவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்.

விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அண்ணாவைக் கூட்டிப்போய்ப் பதினேழு வருடம். மரணச் சான்றிதழுக்கான படிவத்தை அம்மா இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் படத்துக்குப் பூவோ பொட்டோ யாரும் வைக்கக் கூடாது. வைத்தால் அவன் இல்லையென்று ஆகிவிடும்.

அழித்துவிட நினைத்தாள். விரல் தவறிப் பட்டு, காணொளி மறுபடி முதலிலிருந்து ஓடியது.

கேற் திறந்தது.

குசினியில் கரண்டி விழுந்தது.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்தாள். பதினேழு வருடமாக எந்தக் கேற் சத்தத்துக்கும் அப்படித்தான் ஓடிவருகிறாள்.

"ஆர் பிள்ளை? அண்ணாவே?"

முற்றத்தில் ஒருவரும் இல்லை.

அம்மா கைப்பேசியைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். செருப்பைப் பார்த்தாள். தேநீரைப் பார்த்தாள்.

சுவர் வந்தது. மாலை இறங்கியது.

அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரியாமச் செய்திட்டாள் அம்மா. அழிக்கச் சொல்லுறன்."

அம்மா சேலைத் தலைப்பால் கைப்பேசியைத் துடைத்தாள். தினமும் காலையில் சுவரில் இருக்கும் அந்தப் படத்தையும் இப்படித்தான் துடைப்பாள்.

"மல்லிகை மணம் அவனுக்கு ஒத்துவராது பிள்ளை. தும்முவான்," என்றாள்.

பிறகு, குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"வேற பூப் போடச் சொல்லு."