இருபதாவது கேப்டன்

மணி நாலே முக்கால். ஐந்துக்குள் பதில் போயாக வேண்டும்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்காரனின் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் எடுக்கும் தாளில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகப் பதினோரு வருஷமாக அந்த இடம் அவளுக்குத்தான்.

கூட்டம் நடந்தது அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கூடியிருந்தது, இன்னும் யாரும் எடுக்காத ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசுவதற்கு.

புத்தகமாக ஒன்பது பாகம் வந்த விண்வெளிக் கதை; இவர்கள் அதன் ரசிகர்கள். வழி தவறிய ஒரு கப்பல், நானூறு பயணிகள், ஒரு கேப்டன். பொம்மைப் படமாக வந்தால் சீந்த மாட்டோம், நிஜ மனிதர்கள்தான் நடிக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாயிற்று. எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அதற்காக இவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கப்பலின் கதவு மேலே போகுமா, பக்கவாட்டில் போகுமா என்ற தகராறில் லிஃப்ட் மெக்கானிக்கும் பஸ் டிரைவரும் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேப்டனுக்கு வகிடு எந்தப் பக்கம் என்பதில் முடிதிருத்துபவர் சொன்னதே முடிவு. தொழில் மரியாதை.

முகம் மட்டும் அக்காவின் இலாகா.

ஒன்பது பாகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்தைச் சொன்னால் வரியைச் சொல்வாள். அந்த மேசைக்குப் படமாக வந்த பத்தொன்பது நடிகர்களையும் கழித்துக்கட்டியவள் அவள்தான். ஒருவருக்குத் தாடை சரியில்லை. ஒருவருக்குக் கழுத்து. ஒருவரிடம் குறை என்று எதுவுமே இல்லை, அதுதான் குறை என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி உண்மையாகவே தொடரை எடுக்க வந்தது. மரியாதைக்கு இவர்களிடம் கருத்துக் கேட்டது. இவர்கள் பதினான்கு பக்கத்தில் இருநூற்றுப் பதினோரு ஆட்சேபணைகளை அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி இந்தக் கதை இருந்த திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது வந்திருப்பது வேறு கம்பெனி. விவரம் தெரிந்தவர்கள். கேப்டன் வேஷத்தில் நடிகரின் படம் ஒன்றை அனுப்பி, சம்மதமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டிருந்தார்கள். இல்லையென்றால் வேறு கதையைப் பார்த்துக்கொள்வார்களாம்.

கண்ணாடிக்காரனுக்குச் சம்மதம் கிடைத்தே ஆக வேண்டும்.

அக்காவின் கண் மங்கிக்கொண்டு வந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அம்மா வேலைக்குப் போன பகல்களில், அழுத தம்பிக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டி வளர்த்தவள் அவள். அந்தக் கேப்டன் நடந்து வருவதை ஒரே ஒரு தடவை அவள் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இல்லை.

தெம்பாகத்தான் இருந்தான். மாதாமாதம் அவனே அவளைக் கடையில் உட்காரவைத்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வான். கடைசி வரியின் பொடி எழுத்து வரை ஒன்றுகூட விடாமல் சொல்லிவிடுவாள். டாக்டர்கள் எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

படத்தை அவன்தான் அச்செடுத்தான். எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா பார்ப்பதற்கு முன்னால் வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பது விதி. உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

அவள் தாளை எடுத்தாள். இரண்டு கைகளாலும் விரித்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கணக்கு டீச்சர் நகத்தைக் கடித்தார். லிஃப்ட் மெக்கானிக் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தார்.

"இவர்தான்," என்றாள் அக்கா. "இத்தனை நாளா இவரை எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க?"

பஸ் டிரைவர் லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார். முடிதிருத்துபவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடிக்காரன் தனக்குள் சொல்லிக்கொண்டான்: பார்த்துவிடுவாள். அவள் பார்த்துவிடுவாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனும் முதல் தடவையாகக் கேப்டனைப் பார்த்தான். அக்கா சொன்னது சரி. அகன்ற நெற்றி, கொஞ்சம் களைத்த கண்கள், வகிடுகூடச் சொன்ன பக்கத்தில்தான் இருந்தது. யாரும் எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆறு பேருக்கும் முகம் நன்றாகத் தெரிந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த ஆறு பேருக்கும்.

அக்கா இன்னும் தாளை இறக்கவில்லை. அவள் பக்கம் இருந்தது பின்புறம். காகிதம் வீணாக வேண்டாம் என்று அவன் எடுத்துப் போட்டிருந்த பழைய லென்ஸ் ஆர்டர். அதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற ஐந்து பேரும் கேப்டனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அனுப்பிவிடலாமா என்று டீச்சர் அக்காவிடம் கேட்டார்.

"அனுப்புங்க டீச்சர்," என்றாள் அக்கா. "நீங்கல்லாம் பாக்கணும்ல."

டீச்சர் அனுப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரனும் தட்டினான், அக்காவுக்குக் கேட்கும்படி கொஞ்சம் பலமாகவே.